மலைக்குச் சேர வேண்டிய தாடி

சோடா பாவா,

வெள்ளையடிக்க வந்த ஆள் குளியலறை ஜன்னல் விளிம்பில் இருந்து ஒன்றை எடுத்து, "இது இன்னாமா, கற்கண்டா?" என்று கேட்டான். உன் படிகாரக் கல். தினமும் சவரம் முடிந்ததும் ஈரக் கன்னத்தில் அதைத் தேய்ப்பாயே. தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் குழிந்து, உன் தாடை எந்த வளைவோ அந்த வளைவுக்கே வந்திருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். துவர்த்தது. அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்து போய்விட்டது பாவா. உன் தாடியை வைத்து நான் திருத்தணி மலையில் சொன்ன வேண்டுதல் ஒன்று தீராமல் நின்றிருந்ததே, அதை என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு பேர் எதிரில் உன்னை "நீங்க" என்பேன், நாம் இரண்டு பேர் மட்டும் என்றால் "நீ"தான். என் அத்தை மகன் நீ, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சோடா பாவா என்று பெயர் வைத்தவள் நான். இப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை. நீ என்றே எழுதுகிறேன்.

உன் வேலை என்ன என்று யார் கேட்டாலும், "கப்பல் பட்டறையில வாத்தியாரு" என்றுதான் சொல்லி வந்தேன். கடற்படையில் அணுவால் ஓடுகிற கப்பல்கள் இருக்கின்றன, அவை பழுது பார்க்க வரும், உள்ளே இறங்குகிற வெல்டர், ஃபிட்டர், பெயிண்டர் எல்லோரும் கதிர் படாமல் வேலை செய்து நல்லபடியாக வெளியே வரச் சொல்லிக்கொடுப்பது நீ. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எந்தக் கப்பல், எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்று நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் உன்னோடு அங்கே, அந்தத் தெலுங்கு ஊரில் இருந்தேன். பிறகு அத்தைக்குக் கால் விழுந்துவிட்டது, நிலத்தையும் பார்க்க ஆள் இல்லை என்று நம் ஊர் கே.ஜி.கண்டிகைக்கே திரும்பி வந்தேன். நீ அங்கே, நான் இங்கே. மாதத்துக்கு ஒரு முறை வருவாய். மின்சார ரயிலில் இருந்து போன் பண்ணி, "மணவூர் தாண்டிட்டேன்" என்பாய். அதற்குப் பிறகு அரிசி களைந்தால் நீ வாசலுக்கு வரவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும்.

கப்பலைப் பற்றித்தான் தெரியாது. உன் பாடம் எனக்குத் தெரியும். புதிதாக ஒன்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் முதலில் என்னை உட்கார வைத்துச் சொல்லிப் பார்ப்பாய்.

"உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்டி."

"அப்ப நான் மக்குனு சொல்றியா?"

"இல்ல. புரியாம தலையாட்ட மாட்டேன்னு சொல்றேன். அங்க எல்லாரும் ஆட்டுவானுங்க."

கையுறைப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? கதிர் பட்ட தூசு கண்ணுக்குத் தெரியாது, அது எங்கே எங்கே ஒட்டும் என்று காட்ட வேண்டும் என்று சாமி மாடத்தில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாய். "அதைக் கீழ கொட்டி மிதிக்கப் போறியா? அறிவு கீதா உனக்கு?" என்று பிடுங்கி வைத்தேன். மஞ்சள் தூளைக் கொடுத்தேன். என் இரண்டு கைக்கும் கையுறை மாட்டி, மேலே மஞ்சளைத் தூவி, "இப்ப வெளிப்பக்கம் தொடாம கழட்டு" என்றாய். உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாக உள்ளே விரலை விட்டு உரித்துக் கழற்றினேன். ஜெயித்துவிட்டேன் என்று கையைத் தட்டினேன். நீ கண்ணாடியைக் காட்டினாய். மூக்கு நுனியில் மஞ்சள், காதோரம் மஞ்சள், தாலிக்கயிற்றில் மஞ்சள்.

"எப்ப தொட்டேன்?"

"அதான் பாடம். எப்ப தொட்டேன்னு எவனுக்கும் தெரியாது."

அத்தை படுக்கையில் இருந்தபடியே சிரித்தாள். "கல்யாணத்துக்கு நலங்கு வெச்ச மாதிரி கீற" என்றாள்.

அதற்கும் முந்தின பாடம், எல்லாவற்றுக்கும் முதல் பாடம், முகம். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், நடுவில் மயிர் இருந்தால் இடுக்கு விட்டுவிடும், அந்த இடுக்கு வழியாகத் தூசு உள்ளே போகும் என்பாய். மாஸ்க் போட்டு முன்பக்கத்தைக் கையால் பொத்தி மூச்சை இழுத்தால் ரப்பர் கன்னத்தை உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அந்த ஆள் உள்ளே போக முடியாது. ஒரு நாள் தாடிகூட ஆகாது. கண்ணாடியின் காதுக் கம்பிகூட ஆகாது என்று உனக்கு மாஸ்குக்கு உள்ளேயே ஒரு கம்பிக் கண்ணாடி செய்து பொருத்தியிருந்தார்கள். முதல் நாள் வகுப்புக்குப் போகும்போது சட்டைப் பையில் நாலைந்து ரேசர் வைத்துக்கொண்டு போவாய். தாடியோடு வந்தவனுக்கு ஒன்று கொடுத்து, "போய் மூஞ்சியக் கழுவிக்கினு வா மாப்ள" என்பாயாம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அப்படி வேண்டினேன்.

அந்த முறை வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாய். வரவில்லை. போன் போகவில்லை. வேலை செய்யும் இடத்துக்குள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று தெரியும், ஆனால் வெளியே வந்ததும் கூப்பிடுவாயே. அடுத்த வெள்ளியும் போனது. ஆபீஸ் நம்பருக்கு அடித்தால், "நல்லா இருக்காரும்மா, வேலையில இருக்காரு" என்று யாரோ தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டான். நல்லா இருக்கிற ஆள் ஏன் பேச மாட்டான்? உன் அக்கா வந்து திண்டாட வைத்தாள். "டிவியில ஒண்ணும் சொல்லலியேடி. இந்த மாதிரி எடத்துல நடக்கறத டிவியில சொல்ல மாட்டாங்கடி" என்று அவளே இரண்டும் சொல்லி அழுதாள். என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மலையேறிப் போய் முருகன் எதிரில் நின்றேன். அவரை நல்லபடியா கொண்டு வந்து சேர்த்துடு, இன்றிலிருந்து அவர் தலையிலும் முகத்திலும் கத்தி படாது, ஆடிக் கிருத்திகைக்கு முடியும் தாடியும் மொத்தமாக உனக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் பக்கத்து ஆண்களுக்கு எல்லோரும் வேண்டுகிற மாதிரியே வாயில் வந்தது. யாருடைய முகத்தைக் கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

இரண்டு நாளில் போன் வந்தது. "மணவூர் தாண்டிட்டேன்."

இளைத்துப் போய் வந்தாய். ஒன்றுமே நடக்கவில்லையாம். அவசரமாக ஒரு வேலை வந்ததாம், முடியும்வரை ஒருவரையும் வெளியே விடவில்லையாம். சாப்பிட்டு எழுந்தபின் வேண்டுதலைச் சொன்னேன்.

"தாடியா?" என்றாய். சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாய். "ஏன்டி, மொதல் பாடமே அதானே? என் மூஞ்சி எனக்கே சொந்தம் இல்ல, அது மாஸ்குக்குச் சொந்தம்."

"வேண்டும்போது மாஸ்க் ஞாபகம் வரல பாவா. நீ மட்டும்தான் ஞாபகம் வந்த."

அதற்குமேல் நீ சிரிக்கவில்லை.

தலையை மட்டும் கொடுத்துவிடலாம், சாமி ஒன்றும் சொல்லாது என்று உன் அக்கா சொன்னாள். நான்கூடச் சரி என்றேன். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "சொன்னத சொன்ன மாதிரி குடுக்கணும். பாதிய செஞ்சிட்டு முடிஞ்சிடுச்சின்னு சொல்றவன நான் உள்ளயே விட மாட்டேன்" என்றாய். ரிட்டையர் ஆனதும் முதல் வேலை தாடி வளர்ப்பதுதான் என்றாய். "கோவம் தணிஞ்சி வந்து உக்காந்த சாமிதானே இங்க கீறாரு. காத்துக்கினு இருப்பாரு" என்று தெற்கே திரும்பி ஒரு கும்பிடு போட்டாய். மலை வடக்கே இருந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை நீ.

பிறகு ஒரு முறை வந்தபோது சொன்னாயே, உன் வகுப்புக்கு வேண்டுதல் தாடியோடு ஒரு வெல்டர் வந்தான், ரேசரைக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் என்று. மேலே இருந்தவர்கள் அவனைத் திருப்பி அனுப்பச் சொன்னார்களாம். நீ அவனைக் கதிர் இருக்கிற இடத்துக்குப் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, வேண்டுதல் தீரும்வரை சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் வைத்தாயாம். "நீ குடுத்து வெச்சவன்டா. எனக்கு வூட்ல வேண்டிக்கினு வருசமாவுது, ஒரு முடி வளக்க வழியில்ல" என்று சொன்னதும் வகுப்பே சிரித்ததாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் சிரிப்பு இல்லை பாவா. கவனித்தேன்.

அந்த வேண்டுதல் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் போனது என்று உனக்குத் தெரியும். பிள்ளை வேண்டும் என்று எத்தனை கோயில் ஏறினோம். கிடைக்கவில்லை. ஊர் உன் வேலையைச் சொன்னது. வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு உன்னிடம் ஒரு குறையும் இல்லை, என் பக்கம்தான் என்றார். அதை ஊரில் யாரிடமும் நீ சொல்லவில்லை, உன் அக்காவிடம்கூட. கதிர்தான் காரணம் என்று அவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டாய். ஊருக்கு அத்தனை பாடம் சொல்லிக்கொடுத்த ஆள், அந்த ஒரு தப்பை மட்டும் திருத்தாமல் விட்டாய். நான் கேட்டதில் முருகன் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். உன்னைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குச் சொன்னதைக் கொடுக்காமல் எப்படி இருப்பது?

அத்தை காலமான பிறகுதான் ரிட்டையர் ஆகி வந்தாய். பெட்டியை இறக்கி வைத்த அன்றைக்கே ரேசரை எடுத்துப் பரண்மேல் போட்டாய். தாடி வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு பக்கம் அடர்த்தியாக, இன்னொரு பக்கம் சொட்டையாக. கண்ணாடி முன்னால் நின்று, "யார்டா இவன், நம்ம பம்ப்செட் திருடன் மாதிரி கீறான்" என்றாய். அரிக்கிறது என்று சொரிந்துகொண்டே இருப்பாய். நான் தேங்காய் எண்ணெய் தடவி விடுவேன். டீக்கடையில் "வாங்க சாமியாரே" என்று கூப்பிட்டால் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவாய். தினமும் உன்னோடு விழித்து, தினமும் உன்னோடு சாப்பிட்டது அந்தக் கொஞ்ச காலம்தான் பாவா. நம் கல்யாண வாழ்க்கை எவ்வளவு என்று யாராவது கேட்டால் அந்தத் தாடி எவ்வளவு நீளம் வளர்ந்ததோ அவ்வளவு என்று சொல்லலாம்.

ஆனி முடியவில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சொல்லி வைத்திருந்தோம். காலையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன், மடையை மாற்றிவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, "நெஞ்ச பிடிக்குதுடி" என்றாய். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துப் படுத்தாய். திருத்தணி ஆஸ்பத்திரி வாசல் தெரிகிறபோது உன் கை கனத்துவிட்டது.

மாரடைப்பு என்றார் டாக்டர். உன் அப்பாவும் அப்படித்தான் போனார், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வந்தவர்களில் சிலர் பந்தலுக்கு வெளியிலேயே நின்றார்கள். "கதிர் வேலைல இருந்தவரு, ஒடம்புல இருக்குமோ இன்னாவோ" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எழுந்து போய் உன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். உன் கன்னத்தில் கன்னம் வைத்துப் படுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து காலைத் தொட்டார்கள்.

குளிப்பாட்டும்போது உன் அக்கா, "மூஞ்சியச் செரைச்சி விடுங்கப்பா, யாரும் இல்லாத பிச்சக்காரன் மாதிரி போவறான் என் தம்பி" என்று கதறினாள். கத்தி வந்தது. நான் தடுத்தேன். "வெக்காதீங்க. அது மலைக்குச் சேர வேண்டியது." எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அப்படியே அனுப்பினோம். தாடி மலைக்கும் போகவில்லை, உன் முகமும் எனக்குப் பழைய முகமாக இல்லை. இரண்டும் இல்லாமல் தீயில் போனது.

சாவு விழுந்த வீடு வருஷம் திரும்புகிறவரை மலையேறக் கூடாது. போன ஆடிக்கு நம் வாசல் வழியாகவே காவடிகள் போயின. அரோகரா சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டேன். வயலில் நின்றால் மலை தெரிகிறது. களை எடுக்கும்போது அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவேன். ஒரு வருஷம் அப்படித்தான் போனது. பேச ஆள் இல்லாமல் பம்ப்செட்டோடு பேசினேன் என்றால் சிரிப்பாய்.

உனக்குத் திதி கொடுத்து முடித்த மறுநாள் உன் அக்காவிடம் சொன்னேன். "அண்ணி, இந்த ஆடிக்கு நான் மொட்டை போட்டுக்கப் போறேன்."

சட்டென்று எழுந்து நின்றாள். "இன்னாடி சொல்ற? புருசன் போனவ தலைய மழிச்சிக்கினு வந்து நின்னா ஊரு இன்னா சொல்லும்? அந்தக் காலத்துல மூலைல உக்கார வெச்சாங்களே, அத நீயே வாங்கிக்கறியா?"

"அது வேற அண்ணி. இது வேண்டுதல்."

"பாக்கறவனுக்கு வேறனு தெரியுமா? நெத்தியில எழுதி ஒட்டிக்கினு போவியா? தாடி அவனுது, அவனே போய்ட்டான். சாமி யாருகிட்ட கேக்கும்?"

"என்கிட்ட கேக்கும். சொன்னது என் வாய்."

"என் தம்பி உன்ன அந்தக் கோலத்துல பாத்தா தாங்குவானாடி?" என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் திட்டுவது உன்மேல் உள்ள பாசம் மட்டும் இல்லை, என்மேல் உள்ளதும்தான் என்று எனக்குத் தெரியும்.

வேறு ஒன்றுதான் என்னை உறுத்தியது. நெஞ்சில் குத்திக்கொள்கிற பேட்ஜைப் பற்றி நீ சொன்னது. ஒரு ஆள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டும். ஒரு நாள் ஒருத்தன் அவசரத்தில் நண்பனுடைய பேட்ஜைப் போட்டுக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான், அன்றைக்கு மட்டும்தான் வகுப்பில் கத்தினேன் என்றாய். "அவன்மேல பட்டது அவனுது, உன்மேல பட்டது உன்னுது, ஒருத்தனுத ஒருத்தன் வாங்கிக்க முடியாதுடா" என்று. அப்படியானால் உன் தாடிக்கு என் முடி செல்லுமா? உன்னைக் கேட்டால் செல்லாது என்பாய் என்றே தோன்றியது. இருந்தாலும் போனேன்.

அண்ணி வரவில்லை. தனியாகத்தான் பஸ் ஏறினேன். குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரப் புடவையோடு மொட்டை போடுகிற மண்டபத்தில் வரிசையில் உட்கார்ந்தேன். கத்தி பிடித்தவர் வயதானவர். தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"யார் பேர்ல வேண்டுதல்மா?"

"எங்க வூட்டுக்காரர் பேர்ல."

"அவரு வரலியா?"

"இல்லீங்க. போன வருசம் தவறிட்டாரு."

கை நின்றது. பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னானு வேண்டிக்கினீங்க?"

"வேலைக்குப் போன எடத்துல இருந்து ஒரு தபா ஆளே வரல. நல்லபடியா வூடு வந்து சேரணும்னு."

"வந்தாரா?"

"ஆங். வந்தாரு."

"அப்பறம் இன்னா? வந்துட்டாரு இல்ல, குடுத்துட வேண்டியதுதான். குனிங்க."

இவ்வளவு நாள் நான் குழம்பியதை அவர் அதோடு முடித்துவிட்டார். குனிந்தேன். மடியில் விழுந்த முடியில் பாதி நரை. எப்போது நரைத்தது என்று எனக்கே தெரியாது. தலையில் சந்தனம் பூசியதும் குளிர்ந்தது. தலையைத் தடவிப் பார்த்தேன். யாரோ வேறு ஆளின் தலையைத் தொட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள். சோறு ஆக்கி வைத்திருந்தாள். பரிமாறும்போது பின்னால் வந்து நின்று, "உச்சியில ஒரு மச்சம் கீதுடி உனக்கு. இத்தன வருசமா தெரியாதே" என்றாள். தொட்டும் பார்த்தாள். இரண்டு பேரும் அழுதோம், அப்புறம் எதற்கோ சிரித்தோம். வெளியே போகும்போது முக்காடு போட்டுக்கொள் என்று தன் புதுத் துண்டைக் கொடுத்தாள். இதுவரை போடவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கேட்டால் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் ஒரு முறை நல்லபடியாகத் திரும்பி வந்தார், அதற்கு என்று.

அண்ணியிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். மொட்டைத் தலையோடு சந்நிதிக்குப் போனேன். கூட்டம் தள்ளியது. எனக்கு முன்னால் ஒருத்தி மகளுக்கு வேலை கேட்டாள், ஒருவன் அம்மாவின் கால் வலியைச் சொன்னான். என் முறை வந்தது. தீபம் காட்டியதும் கையைக் கூப்பினேன். நீ வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வேண்டி வேண்டி எத்தனையோ வருஷப் பழக்கம், வாய் அதுவாகத் தொடங்கிவிட்டது: அவரை நல்லபடியா கொண்டு வந்து... அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு எதையாவது கேட்கலாம் என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. "நகருங்கமா, நகருங்க" என்று பின்னால் இருந்து தள்ளினார்கள். கூப்பிய கையோடு வெளியே வந்து நின்றேன். அந்த மலையில் எனக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். இனிமேல் நான் அங்கே போய் யாரைக் கொண்டு வந்து சேர்க்கச் சொல்லிக் கேட்பேன் பாவா?